துணைநிலை என்ற சொல்லும் அமெரிக்கக் கத்தோலிக்கர்களின் அரசியலும்

2012 ஏப்ரல் 26ஆம் தேதி வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குப் பேச வந்தார் பால் ரையன். விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில் ஊர்க்காரர், குடியரசுக் கட்சிக்காரர், அப்போது நாடாளுமன்றக் கீழவையின் பட்ஜெட் குழுத் தலைவர், பிறவிக் கத்தோலிக்கர். ஜார்ஜ்டவுனை நடத்துவது இயேசு சபையினர். 1789ல் தொடங்கிய அது அமெரிக்காவின் மிகப் பழைய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். ரையன் வந்து சேருவதற்கு முன்பே அங்கிருந்து அவருக்கு ஒரு கடிதம் போயிருந்தது. பேராசிரியர்களும் ஊழியர்களுமாக 90 பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் கையெழுத்திட்ட கடிதம். உங்கள் பட்ஜெட்டில் இயேசுவின் நற்செய்தியைக் காணோம், உங்களுக்குப் பிடித்தமான அய்ன் ராண்டின் தத்துவம்தான் தெரிகிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். ராண்ட் கடவுள் மறுப்பாளர், தன்னலத்தை அறமாகவே போற்றியவர். கடிதத்தோடு ஒரு புத்தகத்தையும் இணைத்திருந்தார்கள். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தொகுக்கச் சொல்லி வத்திக்கான் வெளியிட்ட, திருச்சபையின் சமூகப் போதனைச் சுருக்கம் அது. படித்துப் பாருங்கள் என்று அர்த்தம்.

ரையன் பின்வாங்கவில்லை. அந்த மாதம்தான் ஒரு கிறிஸ்தவத் தொலைக்காட்சிப் பேட்டியில், தன் பட்ஜெட்டுக்குப் பின்னால் கத்தோலிக்க சமூகப் போதனை இருக்கிறது என்று சொல்லியிருந்தார். ஒரு கொள்கையின் பெயரையும் குறிப்பிட்டார்: சப்சிடியாரிட்டி. தமிழில் துணைநிலைக் கொள்கை என்று வைத்துக்கொள்வோம். மக்களுக்கு மிக அருகில் இருக்கும் அரசே நன்றாக ஆளும், அதுதான் அந்தக் கொள்கை என்பது அவருடைய விளக்கம். அதன்படி, ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவ உதவியை மத்திய அரசு ஒரு மொத்தத் தொகையாக மாநிலங்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கலாம். உணவு உதவித் திட்டத்தையும் அப்படியே செய்யலாம். வருமான வரியின் உச்ச விகிதத்தை 35 சதவீதத்திலிருந்து 25க்கு இறக்கலாம். விடுபட்டதைக் குடும்பமும் தேவாலயமும் அக்கம்பக்கமும் தொண்டு நிறுவனங்களும் பார்த்துக்கொள்ளும்.

அதே வாரங்களில் அமெரிக்க ஆயர் பேரவையும், அதாவது பிஷப்புகளின் அமைப்பும், நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. கலிபோர்னியாவில் உள்ள ஸ்டாக்டன் மறைமாவட்ட ஆயர் ஸ்டீபன் பிளேர் கையெழுத்திட்ட கடிதங்கள். பசித்தவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் போகும் உதவியை வெட்டுவது அறநெறி அளவுகோலில் தேறாது என்றன அவை.

ஒரே திருச்சபை, திருத்தந்தையர் எழுதிய ஒரே போதனை மடல்கள், எதிரெதிர் முடிவுகள். ரையன் அந்தச் சொல்லின் பாதியைத்தான் வாசித்தார் என்பது என் கருத்து. ஆனால் அவர் வாசித்த பாதி இட்டுக்கட்டியது அல்ல. அந்தக் கொள்கையைச் சொல்லும் மடலில் அது உண்மையாகவே இருக்கிறது. அதனால்தான் இந்த விஷயத்தை ஒரே வரியில் தீர்க்க முடிவதில்லை.

அந்த மடலுக்கே போவோம். 1931 மே 15 அன்று திருத்தந்தை பதினோராம் பயஸ் வெளியிட்ட 'குவாத்ராஜேசிமோ அன்னோ', அதாவது 'நாற்பதாம் ஆண்டில்'. அதன் 79ஆம் பத்தியில்தான் துணைநிலைக் கொள்கை வருகிறது. தனி மனிதர் தம் முயற்சியால் செய்துகொள்ளக்கூடியதை அவரிடமிருந்து பிடுங்கிச் சமூகத்திடம் ஒப்படைப்பது தவறு. அதுபோலவே, ஒரு சிறிய அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு எடுத்துக்கொள்வது அநீதி. எந்தச் சமூக அமைப்பும் தன் உறுப்பினர்களுக்கு உதவத்தான் இருக்கிறது. அவர்களை அழித்து விழுங்க அல்ல. இதுதான் சாரம்.

இதை எந்தச் சூழலில் எழுதினார் என்று பார்த்தால் வேகம் புரியும். இத்தாலியில் முசோலினி ஆட்சி. அரசுக்கு வெளியே எதுவும் இருக்கக் கூடாது என்பது பாசிசத்தின் கோட்பாடு. தொழிற்சங்கம், இளைஞர் மன்றம், விளையாட்டுக் கழகம் எல்லாம் கட்சியின் கைக்குள் வர வேண்டும். மடல் வெளிவந்த அதே மாதக் கடைசியில் கத்தோலிக்க இளைஞர் அமைப்புகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஜூன் கடைசியில் திருத்தந்தை அதைக் கண்டித்து இன்னொரு மடல் எழுதினார். அப்படிப்பட்ட நாட்களில் எழுதிய 79ஆம் பத்தியில் அரசைப் பற்றிய அச்சம் நிறைய இருக்கிறது. அமெரிக்கப் பழமைவாதிகள் அதை வாசிக்கும்போது தங்கள் மனதில் உள்ளதையே அங்கே காண்கிறார்கள் என்றால், அதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அடுத்த பத்தியையும் வாசிக்க வேண்டும். சிறிய விஷயங்களைக் கீழே விட்டுவிட்டால்தான், அரசு தனக்கே உரிய வேலைகளை இன்னும் சுதந்திரமாகவும் வலுவாகவும் செய்ய முடியும் என்கிறது 80ஆம் பத்தி. வழிகாட்டுவது, கண்காணிப்பது, ஊக்குவிப்பது, தேவைப்பட்டால் தடுப்பது ஆகியவற்றை அரசின் வேலைகளாக அது சொல்கிறது. கை கட்டி நிற்கும் அரசு அந்தப் பத்தியில் இல்லை. இன்னும் சில பக்கங்கள் தள்ளிப் போனால், பொருளாதார அதிகாரம் ஒரு சிலர் கையில் குவிந்து சர்வாதிகாரம் ஆகிவிட்டது, கட்டற்ற போட்டி தன்னைத்தானே அழித்துக்கொண்டது என்று கடுமையான சொற்களில் எழுதுகிறார். அதே மடலில்தான், நல்ல கத்தோலிக்கர் ஒருவர் உண்மையான சோஷலிஸ்டாக இருக்க முடியாது என்ற வரியும் வருகிறது. இரு தரப்புக்கும் மேற்கோள் எடுக்க இடம் இருக்கிறது. மடலை முழுதாக வைத்துக்கொண்டு பேசுவதுதான் கஷ்டம்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். சப்சிடியாரிட்டி என்பது 'சப்சிதியும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமானியர்களின் போர்க்களச் சொல் அது. முன்வரிசைகள் போரிடும்போது, பின்னால் மூன்றாம் வரிசையில் அனுபவசாலிகளான வீரர்கள் ஒரு கால் மடக்கிக் காத்திருப்பார்கள். அந்தத் துணைப்படைதான் சப்சிதியும். முன்னால் இருப்பவர்கள் தாக்குப்பிடிக்கும்வரை அவர்கள் குறுக்கே பாய்ந்து இடைஞ்சல் செய்யக் கூடாது. முன்வரிசை சரிந்தால் உட்கார்ந்தே இருக்கவும் கூடாது. உதவி என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு வந்தது அந்த வழியில்தான். ஆகவே துணைநிலைக் கொள்கை இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. கீழே உள்ளவர்களால் இதைச் செய்ய முடியுமா? முடியுமென்றால் விலகி நில். முடியாதென்றால் எழுந்து வா. இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் முதல் கேள்வியோடு நின்றுவிட்டால், மிஞ்சுவது அரசைச் சுருக்கும் அரசியல் மட்டும்தான்.

ரையனின் சொந்த வாழ்க்கையிலேயே இதற்குச் சான்று உண்டு. அவருக்கு 16 வயதாக இருக்கும்போது தந்தை இறந்துபோனார். குடும்பத் தலைவர் இறந்தால் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் உதவித்தொகை வரும். அவருக்கும் வந்தது. அதைக் கல்லூரிப் படிப்புக்குச் சேர்த்துவைத்தார். அவரே இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் தாய் உழைத்தார், உறவினர் உதவினர், பையனும் வேலைக்குப் போனான். அதற்கெல்லாம் பின்னால் துணைப்படை ஒன்றும் நின்றது. அந்தப் பணம் எந்த உறவையும் கலைக்கவில்லை, அந்தப் பையனைச் சோம்பேறியாக்கவும் இல்லை. குடும்பம் குடும்பமாக நிற்க அது உதவியது. 79ஆம் பத்தி சொல்லும் 'உதவி' என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் போதனையின் வேர் இன்னும் 40 ஆண்டுகள் பின்னால் இருக்கிறது. 1891 மே 15 அன்று பதிமூன்றாம் லியோ எழுதிய 'ரேரும் நோவாரும்'. பழைய தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் லியோவைச் சிங்கராயர் என்பார்கள். ஐரோப்பாவின் ஆலைகளில் தொழிலாளர் படும் பாட்டைப் பார்த்து எழுந்த மடல் அது. தனிச்சொத்து மனிதனின் இயல்பான உரிமை என்று சோஷலிஸ்டுகளுக்கு எதிராக உறுதியாகச் சொன்னது. அதே மூச்சில், முதலாளியும் தொழிலாளியும் கூலியை ஒப்பந்தம் பேசிக்கொண்டார்கள் என்பதாலேயே அது நியாயமாகிவிடாது என்றது. எந்த ஒப்பந்தத்தையும்விடப் பழைய நீதி ஒன்று உண்டு, ஒழுங்காகவும் சிக்கனமாகவும் வாழும் தொழிலாளியின் வயிறு நிறையக் கூலி போதுமானதாக இருக்க வேண்டும் என்பதே அந்த நீதி. பசிக்குப் பயந்து குறைந்த கூலிக்கு ஒருவன் சம்மதித்தால், அது வன்முறைக்குப் பணிந்ததற்குச் சமம். இன்னொரு இடத்தில், பணக்காரர்களுக்குத் தங்களைக் காத்துக்கொள்ள வழிகள் பல உண்டு, ஏழைகளுக்கு அரசைத் தவிர வேறு அரண் இல்லை, அதனால் அரசு அவர்களைத் தனிக் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்கிறது.

இதை அமெரிக்காவில் வேரூன்ற வைத்தவர் இன்னொரு ரையன். ஜான் ரையன், மின்னசோட்டாவின் பண்ணை ஒன்றில் வளர்ந்த ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளை, அருட்பணியாளர். அந்தக் காலத்து அமெரிக்கக் கத்தோலிக்கர்களில் பெரும்பாலானோர் அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த கூலிக்காரர்கள். சுரங்கம், துறைமுகம், இறைச்சிக்கூடம், எஃகு ஆலை என்று அவர்கள் வேலை பார்த்தார்கள். அவர்கள் சேர்ந்திருந்த 'உழைப்பின் வீரர்கள்' என்ற சங்கத்தை ரோம் தடை செய்துவிடக் கூடாது என்று 1887லேயே பால்டிமோர் கர்தினால் கிப்பன்ஸ் வாதாடியிருந்தார். ஜான் ரையன் ஒரு படி மேலே போனார். 1906ல் வெளிவந்த தன் நூலில், ஒரு குடும்பம் மாண்போடு வாழ ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று வாடகை, சாப்பாடு, துணிமணி எல்லாம் பார்த்துக் கணக்குப் போட்டார். 600 டாலர் என்று வந்தது. நாட்டின் பெரும்பாலான ஆண் தொழிலாளர்களுக்கு அது கிடைக்கவில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். இறையியல் படித்த ஒரு குரு வீட்டுச் செலவுப் பட்டியலோடு உட்கார்ந்து நீதியைப் பேசியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

1919 பிப்ரவரியில் அமெரிக்க ஆயர்கள் ஒரு சமூக மறுசீரமைப்புத் திட்டத்தை வெளியிட்டார்கள். எழுதியவர் அதே ஜான் ரையன். சட்டபூர்வமான குறைந்தபட்சக் கூலி, நோய்க்கும் வேலையின்மைக்கும் முதுமைக்கும் காப்பீடு, சங்கம் சேரும் உரிமை, நிறுவன நிர்வாகத்தில் தொழிலாளருக்குப் பங்கு என்று அது விரிந்தது. தொழிலதிபர்கள் அதை சோஷலிசம் என்று திட்டினார்கள். ஆனால் 1930களின் பெருமந்தத்தில் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சட்டங்களில் அதன் பெரும்பகுதி நிறைவேறியது. சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935ல் வந்தது, சங்க உரிமைச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது, மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி 1938ல் வந்தது. 1932 தேர்தல் பிரசாரத்தில் டெட்ராய்ட் நகரில் ரூஸ்வெல்ட் 'குவாத்ராஜேசிமோ அன்னோ'விலிருந்தே மேற்கோள் காட்டிப் பேசினார். 1937ல் அவர் இரண்டாம் முறை பதவியேற்றபோது ஆசி வழங்கியவர் ஜான் ரையன்.

அந்தக் காலத்தில் கத்தோலிக்கர் எல்லோருமே இந்தப் பக்கம் நின்றார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மிச்சிகனின் வானொலிக் குரு சார்லஸ் கோக்லின் முதலில் ரூஸ்வெல்ட்டைப் புகழ்ந்தார், பிறகு வங்கிகள் மீதான கோபத்தை யூத வெறுப்பாக மாற்றி இலட்சக்கணக்கானோர் காதில் ஊற்றினார். 1942ல் அவர் வாயை அடைக்க வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் டோரதி டே வேறு மாதிரி. 1933 மே தினத்தன்று ஒரு சென்ட் விலையில் 'கத்தோலிக்கத் தொழிலாளி' பத்திரிகையைத் தொடங்கி, பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் வீடுகளை நடத்திய அவர் அரசின் நலத்திட்டங்களையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார். அண்டை வீட்டானுக்கு நான் செய்ய வேண்டியதை அலுவலகத்திடம் தள்ளிவிடுகிறேனோ என்பது அவர் கவலை. ஆனால் ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்துகொண்டு அவர் சொன்னதற்கும், உதவியைக் குறைக்கும் சட்டத்துக்கு அவர் பெயரைத் துணைக்கு அழைப்பதற்கும் ரொம்ப தூரம்.

சரி, ரூஸ்வெல்ட்டின் பின்னால் திரண்டிருந்த இந்த மக்கள் எப்படிப் பழமைவாத அரசியலுக்கு வந்தார்கள்? இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த வீரர்களுக்கு அரசு கல்விக்கும் வீட்டுக்கடனுக்கும் உதவியது. கூலிக்காரரின் பிள்ளைகள் பொறியாளர்களாகிப் புறநகரில் வீடு வாங்கினார்கள், வரி கட்டுபவர்களானார்கள். கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் அரசுகள் ஆயர்களைச் சிறையில் அடைத்தது அவர்களை உலுக்கியது. வில்லியம் பக்லி போன்ற கத்தோலிக்கர்களே புதிய பழமைவாதத்தின் முகமானார்கள். 1961ல் இருபத்து மூன்றாம் ஜான் 'மாத்தேர் எத் மாஜிஸ்த்ரா', அதாவது 'தாயும் ஆசிரியையும்' என்ற மடலில் அரசின் பங்கை ஏற்றுப் பேசியபோது, பக்லியின் 'நேஷனல் ரிவ்யூ' பத்திரிகை 'தாயாகச் சரி, ஆசிரியையாக வேண்டாம்' என்ற பொருளில் எழுதியது. அமெரிக்கக் கத்தோலிக்கர் ஒருவர் பொருளாதாரத்தில் ரோமுக்கு வெளிப்படையாக மறுப்புச் சொல்லலாம் என்ற துணிவு அதிலிருந்து பரவலானது.

பிறகு 1973 ஜனவரியில் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அங்கீகரித்தது. அரசியலைப் புரட்டிப்போட்ட தீர்ப்பு. ஜனநாயகக் கட்சி மெல்ல மெல்ல அந்த உரிமையின் கட்சியாகியது, குடியரசுக் கட்சி அதை எதிர்க்கும் கட்சியாகியது. பிறக்காத குழந்தையின் உயிர் என்பது கத்தோலிக்கருக்கு விட்டுக்கொடுக்க முடியாத விஷயம். அதற்காகக் குடியரசுக் கட்சிக்குப் போனவர்கள் நாளடைவில் அந்தக் கட்சியின் பொருளாதாரத்தையும் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். வரிக்குறைப்புக்கும் கருவறைக் குழந்தைக்கும் இயல்பாக எந்தத் தொடர்பும் இல்லை. ஒரே சின்னத்தில் இரண்டும் அச்சாகியிருந்தன, அவ்வளவுதான்.

இந்த இணைப்புக்கு இறையியலில் ஒரு நியாயமும் சொன்னார்கள். அதை நேர்மையாக எடுத்துப் பார்க்க வேண்டும். சில செயல்கள் எந்தச் சூழலிலும் தீமை, அவற்றில் கத்தோலிக்கர் மாறுபட முடியாது. வரி எத்தனை சதவீதம், உதவி மத்திய அரசின் வழியாகவா மாநிலத்தின் வழியாகவா என்பவை முன்மதியால், அதாவது நிலைமையைப் பார்க்கும் விவேகத்தால், எடைபோட்டு முடிவு செய்பவை. அவற்றில் நல்ல மனசாட்சியோடு மாறுபடலாம். இந்தப் பாகுபாடு திருச்சபையின் போதனைதான். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலைவாய்ப்பு குறையுமா கூடுமா என்று எந்த ஆயருக்கும் வானத்திலிருந்து விடை வருவதில்லை. ஆனால் முன்மதிக்கு விடப்பட்டது வழிமுறை மட்டுமே. நோயாளிக்கு மருத்துவம் கிடைக்க வேண்டும், உழைப்பவன் குடும்பம் பிழைக்க வேண்டும் என்ற இலக்கு அப்படி விடப்படவில்லை. 'இந்தத் திட்டத்தைவிட அந்தத் திட்டம் ஏழைக்கு நல்லது' என்று ஒருவர் வாதாடினால் அது முன்மதி. திட்டத்தை வெட்டிவிட்டு, வெட்டுப்பட்டவரின் கதி என்ன என்று கேட்காமல் போனால், அதற்கு அந்தப் பெயரை வைக்க முடியாது.

வாதம் உச்சத்துக்கு வந்தது 1980களில். மில்வாக்கி பேராயர் ரெம்பர்ட் வீக்லாண்ட் தலைமையில் ஒரு குழு வரைவுக்கு மேல் வரைவாக எழுதி, கருத்துக் கேட்டு, 1986 நவம்பரில் ஆயர்களின் பொருளாதாரத் திருமடலை நிறைவு செய்தது. பொருளாதாரம் மக்களுக்காக என்ன செய்கிறது, மக்களை என்ன செய்கிறது, மக்கள் அதில் எப்படிப் பங்கேற்கிறார்கள் என்று அது தொடங்கும். ரீகன் ஆட்சியின் நடுவில் வந்ததால் அது அரசியல் வெடியாகிவிட்டது. முதல் வரைவு வெளிவருவதற்கு முன்பே, முன்னாள் நிதியமைச்சர் வில்லியம் சைமனும் கத்தோலிக்கச் சிந்தனையாளர் மைக்கேல் நோவாக்கும் முன்னின்று, குருக்கள் அல்லாத பொதுநிலையினர் சார்பில் ஒரு பதில் மடலைத் தயாரித்துவிட்டார்கள்.

நோவாக்கை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பென்சில்வேனியாவின் எஃகு நகரமான ஜான்ஸ்டவுனில் ஸ்லோவாக்கியக் குடியேறிகளின் பேரனாகப் பிறந்தவர், இளமையில் இடதுசாரி. திருச்சபை செல்வத்தைப் பங்கிடுவதைப் பற்றியே பேசுகிறது, அது எங்கிருந்து உண்டாகிறது என்று பேசுவதில்லை என்பது அவர் குறை. தொழில் தொடங்குபவனின் கற்பனையும் துணிச்சலும் கடவுள் கொடுத்த படைப்பாற்றலின் பகுதி என்றார். உலகில் கோடிக்கணக்கானோரை வறுமையிலிருந்து தூக்கிவிட்டதில் சந்தைக்குப் பெரும் பங்கு உண்டு, இதை மறுக்க முடியாது. 1991ல் இரண்டாம் ஜான் பால் 'சென்தேசிமுஸ் அன்னுஸ்', அதாவது 'நூறாம் ஆண்டு' என்ற மடலை எழுதியபோது தங்கள் வாதம் ரோமுக்கு எட்டிவிட்டது என்று நோவாக் தரப்பு மகிழ்ந்தது. போலந்தில் அரசே முதலாளியாக இருந்த பொருளாதாரத்தை உள்ளிருந்து பார்த்தவர் அந்தத் திருத்தந்தை. தொழில்முனைவைப் பாராட்டினார். 48ஆம் பத்தியில், எல்லாவற்றையும் தானே செய்யும் நலவாழ்வு அரசு மனித ஆற்றலை வீணாக்கி அலுவலகங்களைப் பெருக்குகிறது என்று குறை சொன்னார்.

ஆனால் முதலாளித்துவமே வழியா என்ற கேள்விக்கு 42ஆம் பத்தியில் அவர் தந்த பதில் நிபந்தனையோடு வருகிறது. சந்தை, தனிச்சொத்து, படைப்பாற்றல் என்பவைதான் அந்தச் சொல்லின் பொருள் என்றால் ஆம். மனிதனின் முழு விடுதலைக்கு உட்பட்டதாக அதை வைக்கும் வலுவான சட்டக் கட்டு இல்லாத பொருளாதாரச் சுதந்திரம் என்றால் இல்லை. சந்தையில் இடமே இல்லாத மனிதத் தேவைகள் பல உண்டு என்றும் அதே மடல் சொல்கிறது. பழமைவாதக் கூட்டங்களில் 'ஆம்' மட்டும் ஒலித்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து பதினாறாம் பெனடிக்ட் இதைச் சுருக்கமாகவே சொல்லிவிட்டார். தோழமை இல்லாத துணைநிலை அவரவர் பாட்டைப் பார்க்கும் தன்னலமாகும். துணைநிலை இல்லாத தோழமை, உதவி பெறுபவரைச் சிறுமைப்படுத்தும் தயவாகும். பெனடிக்ட்டை யாரும் இடதுசாரி என்று சொல்லிவிட முடியாது.

பழமைவாதிகளின் அரச அச்சத்தில் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். பணம் வரும் வழியில் நிபந்தனையும் வருகிறது. ஒருபால் தம்பதியருக்கும் குழந்தைகளைத் தத்துக் கொடுக்க வேண்டும் என்ற மாநில விதியோடு உடன்பட முடியாமல், பாஸ்டன் மறைமாவட்டத் தொண்டு நிறுவனம் 2006ல் தன் நீண்ட காலத் தத்துப் பணியையே நிறுத்தியது. ஒபாமாவின் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதி, ஊழியர் காப்பீட்டில் கருத்தடையைச் சேர்க்கச் சொன்னது. வறிய முதியவர்களைப் பராமரிக்கும் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' துறவு சபை அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறியது; வழக்கு 2016லும் 2020லும் உச்ச நீதிமன்றம்வரை போனது. சிறிய அமைப்பின் மனசாட்சிக்குள் பெரிய அமைப்பு கை நீட்டுவது என்று 79ஆம் பத்தி அஞ்சியது இதைத்தான் என்று அவர்கள் சொன்னால், என்னால் மறுக்க முடியவில்லை. எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டுவந்த ஆயர்கள், அந்தச் சட்டம் வந்தபோது கருக்கலைப்பு விஷயத்தில் தடுமாறி எதிர்க்க நேர்ந்தது. கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத் தலைவி அருட்சகோதரி கேரல் கீஹன் ஆதரித்தார்.

ஆனாலும் நடைமுறையில் அரசும் தேவாலயமும் பின்னிக் கிடக்கின்றன. அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருப்போரில் பத்தில் ஆறு பேருக்கு மெடிகெய்ட்தான் பணம் கட்டுகிறது. கத்தோலிக்க இல்லங்களும் இதில் உண்டு. கட்டிலை விரிப்பதும் கை பிடித்து நடக்க வைப்பதும் பக்கத்தில் இருந்து ஜெபமாலை சொல்வதும் அங்கே இருக்கும் சகோதரியும் செவிலியும். மாதச் சம்பளமும் மருந்துச் செலவும் அரசுக் கணக்கிலிருந்து வருகின்றன. ஒன்று கீழ்நிலை, மற்றது துணைநிலை. அரசு ஒதுங்கினால் தொண்டு அந்த இடத்தை நிரப்பிவிடும் என்பவர்கள் ஒரே ஒரு மறைமாவட்டத்தின் வரவுசெலவைப் பார்த்தாலே போதும், ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை எந்த மூலைக்கு என்று தெரியும். 2012 ஜூனில் அருட்சகோதரி சிமோன் கேம்பெல்லும் தோழிகளும் ஒரு பஸ்ஸில் அயோவாவிலிருந்து வாஷிங்டன் வரை போய், வழியெங்கும் இத்தகைய இல்லங்களிலும் சமையல்கூடங்களிலும் நின்று நின்று சொன்னதும் இதைத்தான்.

பிறகு காற்று இன்னொரு பக்கம் திரும்பியது. 2013ல் திருத்தந்தை பிரான்சிஸ், மேலே செல்வம் பெருகினால் கீழே தானாகச் சொட்டும் என்ற கோட்பாடு உண்மை என்று நிரூபிக்கப்பட்டதே இல்லை என்று எழுதினார். அமெரிக்க வலதுசாரி வானொலி அதை மார்க்சியம் என்றது. ஆனால் அதே பழமைவாதக் கத்தோலிக்கர்களில் ஒரு இளைய தலைமுறை, சந்தையும் குடும்பத்தைச் சிதைக்கிறது என்று பேசத் தொடங்கியிருந்தது. ஆலை மூடிய ஊரில் திருமணம் குறைகிறது, போதை பெருகுகிறது, பங்குத் தேவாலயம் காலியாகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். 2019 நவம்பரில் செனட்டர் மார்கோ ரூபியோ அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 'ரேரும் நோவாரும்' மடலை முன்வைத்துப் 'பொதுநன்மை முதலாளித்துவம்' பற்றிப் பேசினார். பேட்ரிக் டெனீன், ஏட்ரியன் வெர்மியூல் போன்ற பேராசிரியர்கள் அரசை வலுவாகப் பயன்படுத்தத் தயங்காத வலதுசாரியை எழுதிக் காட்டினார்கள். பழமைவாதம் என்றாலே சிறிய அரசு என்ற சமன்பாடு அவர்களிடம் இல்லை.

அந்த வட்டத்தோடு நெருங்கியவர்தான் 2019ல் கத்தோலிக்கரான ஜே.டி. வான்ஸ். துணைக் குடியரசுத் தலைவரானதும், 2025 ஜனவரியில், அன்புக்கு ஒரு வரிசை உண்டு, குடும்பம் முதலில், பிறகு அண்டை வீடு, ஊர், நாடு, கடைசியில்தான் உலகம் என்று ஒரு தொலைக்காட்சியில் சொன்னார். 'ஓர்தோ அமோரிஸ்' என்ற அந்தப் பழைய கருத்து அகுஸ்தினாரிடம் உள்ளதுதான். பிப்ரவரி 10 அன்று பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவியவனைப் பற்றிய நல்ல சமாரியன் உவமையைத் தியானித்தால் அந்த வரிசையின் உண்மையான பொருள் தெரியும் என்று பதில் இருந்தது. ஏப்ரலில் பிரான்சிஸ் இறந்தார். மே 8 அன்று சிகாகோவில் பிறந்த ஒருவர் திருத்தந்தையாகி, பதினான்காம் லியோ என்று பெயர் சூடிக்கொண்டார். முதல் தொழிற்புரட்சியின் காலத்தில் 'ரேரும் நோவாரும்' தந்தவரை நினைத்தே அந்தப் பெயர், இப்போது செயற்கை நுண்ணறிவு உழைப்பின் முன் அதே கேள்வியை வைத்திருக்கிறது என்று கர்தினால்களிடம் விளக்கினார். அக்டோபரில் வெளிவந்த ஏழைகள் மீதான அன்பு பற்றிய 'திலெக்ஸி தே' என்ற அறிவுரை ஏட்டில், கொல்லும் பொருளாதாரத்தைக் கண்டிக்கும் பிரான்சிஸின் சொற்களை மறுபடி எடுத்துக்கொண்டார்.

இதற்கு நடுவே, 2025 ஜூனில், டிரம்பின் பெரிய வரி, செலவுச் சட்டம் செனட்டுக்கு வந்தது. ஆயர் பேரவை எழுதிய கடிதத்தில் இரண்டு குரலும் இருந்தன. கருக்கலைப்பு செய்யும் அமைப்புகளுக்கு நிதியை நிறுத்துவதற்கும், பெற்றோர் விரும்பும் பள்ளிக்கு உதவுவதற்கும் நன்றி சொன்னது. மெடிகெய்ட்டையும் உணவு உதவியையும் வெட்டுவது ஏழைகளை நோகடிக்கும் என்று எதிர்த்தது. இந்தக் கடிதத்தை எந்தக் கட்சியும் முழுதாக மேடையில் வாசிக்க முடியாது. ஜூலை 1 அன்று செனட்டில் 50க்கு 50 என்று வாக்குகள் சமமாக நின்றன. நடுவர் இருக்கையில் இருந்து தன் ஒரு வாக்கைப் போட்டுச் சட்டத்தை நிறைவேற்றியவர் வான்ஸ்.